என் தம்பியிடம் பேசுவதற்கு முன்

என் தம்பிக்கு ஆட்டிசம். அவனோடு புதிதாகப் பேசிவிட்டு வருகிறவர்கள் என்னிடம் தனியாகக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவருக்கு என் மேல ஏதாவது கோபமாங்க?" கோபமெல்லாம் கிடையாது. ஊன்றிக் கேட்கும்போது அவன் முகம் அசையாது. அவனைப் போன்ற ஒருவரோடு நீங்கள் வேலை செய்யவோ பழகவோ போகிறீர்கள் என்றால், முகத்தை வைத்து மனதைக் கணிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

ஆட்டிசம் உள்ள பலருக்கு முகபாவம் அடிக்கடி மாறாது, மாறினாலும் சட்டென்று மறைந்துவிடும். நாம் சிரித்தால் பதிலுக்குத் தானாகச் சிரிப்பு வருவதும் குறைவு. (சிலருக்கு நேரெதிராக, முகபாவம் சூழ்நிலையை மீறித் தெரியும்.) இதனால் அவர்கள் இழப்பது கொஞ்சமல்ல. உளவியல் ஆய்வாளர் நோவா சாசனும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடிக் காட்சிகளைப் பார்த்தவர்கள் அவர்களோடு பழக அவ்வளவாக விரும்பவில்லை. அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த ஒதுக்கம் காணாமல் போனது. அப்படியென்றால் அவர்கள் சொன்ன விஷயத்தில் ஒரு குறையும் இல்லைதானே? இதைப் படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது.

சரி, முகத்தை விட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? வாய்விட்டுக் கேளுங்கள். ஆனால் "என்ன ஃபீல் பண்றீங்க?" என்று கேட்காதீர்கள். தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். இதை அலெக்ஸிதைமியா என்பார்கள். "இந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா?", "இப்போதே பேசலாமா, நாளைக்குப் பேசலாமா?" என்று பதில் சொல்ல வசதியாகக் கேளுங்கள். கேட்டபிறகு காத்திருங்கள். பதில் வரவில்லையே என்று கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால், தம்பி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். முக்கியமான விஷயம் என்றால் நான் எழுதியே அனுப்பிவிடுவேன்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். தம்பி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நன்றாகக் கேட்பான். எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து நடந்துகொண்டே பேசலாம்.

உங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. வருத்தம் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருக்காதீர்கள். "நீங்கள் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது" என்று சொல்லிவிடுங்கள். "கோபமா?" என்று தம்பி கேட்கும்போது, கோபத்தை வைத்துக்கொண்டே "ஒண்ணுமில்ல" என்பவர்கள்தான் அவனை அதிகம் குழப்புகிறார்கள். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-லேயே எழுதினார், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று.

அப்புறம், சிரிக்கப் பழக்காதீர்கள். கண்ணாடி முன் நிற்க வைத்துப் பாவனை சொல்லிக்கொடுப்பது, ஃபோட்டோவில் சிரித்தால் பாராட்டுவது, இரண்டும் வேண்டாம். இயல்பை மறைத்து நாள் முழுக்க நடிப்பதை மாஸ்கிங் என்கிறார்கள்; அது ஆளையே அயர்த்திவிடும், மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையது. அதைவிட, அவரவருக்கே உரிய அடையாளங்களைக் கவனியுங்கள். தம்பிக்குச் சந்தோஷம் என்றால் விரல்கள் தாளம் போடும். பேச்சு சுருங்கி ஒற்றைச் சொல்லாகிவிட்டால் களைத்துவிட்டான் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை மறுநாள் எழுதி அனுப்புங்கள்.