நிறுவனத்தில் மாற்றம் கொண்டுவரும்போது நிர்வாகம் சறுக்கும் இடங்கள்

புது முறை தோற்றுப்போனால் ‘ஆட்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது பாதி உண்மைகூட இல்லை. பழைய முறை என்னென்ன வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது என்று பார்க்காமலேயே அதைத் தூக்கியிருப்பார்கள். மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அமெரிக்காவில் 1902-இல் தொடங்கிய ஜே.சி.பென்னி என்ற துணிமணி, வீட்டுப் பொருள் கடைகளுக்கு நடந்ததைப் பாருங்கள். ஆப்பிளின் கடைகளை வெற்றிகரமாக நடத்திய ரான் ஜான்சன் 2011 நவம்பரில் அங்கே தலைமைக்கு வந்தார். ஆண்டுக்கு 590 தள்ளுபடி விற்பனைகள் நடந்துகொண்டிருந்தன. விலையை ஏற்றிவைத்துப் பிறகு பாதியாகக் குறைப்பதற்கு, முதலிலேயே நியாயமான விலை போட்டுவிடலாமே என்பது அவர் எண்ணம். கணக்காகப் பார்த்தால் சரிதான். 2012 பிப்ரவரியில் எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் புது விலைமுறை வந்தது. முதலில் சில கடைகளில் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆப்பிளில் அப்படிச் சோதித்ததில்லை என்றார்.

கூப்பனை வெட்டி எடுத்துக்கொண்டு போய், இவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று திரும்புவதில் அந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் விற்பனை சுமார் 1,730 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி டாலருக்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சனை அனுப்பிவிட்டு, அவருக்கு முன்னால் இருந்தவரையே மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

இதே தவறு சின்ன அளவில் நம் ஊர்களிலும் நடக்கிறது. திருப்பூரில் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்று ஈஆர்பி, அதாவது சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஸ்டோர்ஸ் பார்க்கிறவர் கணினியிலும் ஏற்றுவார், பக்கத்தில் நீள நோட்டிலும் எழுதுவார். ‘பழசை விட மாட்டேங்கிறாருங்க’ என்று மேனேஜர் அலுத்துக்கொள்வார். நோட்டை வாங்கிப் பாருங்கள். டையிங்குக்கு, அதாவது சாயம் ஏற்றப் போன துணி எடை குறைந்துதான் திரும்பும். வெளிர் நிறத்துக்கு ஒரு மாதிரி, அடர் நிறத்துக்கு ஒரு மாதிரி, டையிங் யூனிட்டுக்கு யூனிட் வேறு மாதிரி. மென்பொருளிலோ இந்த எடைக் குறைவுக்கு (ப்ராசஸ் லாஸ்) ஒரே ஒரு சதவீதம்தான் போட முடிகிறது. எந்த யூனிட் எந்த நிறத்தில் எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறது என்ற கணக்கு அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால், அடுத்த முறை டையிங்காரரிடம் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. மென்பொருள் வாங்குவதற்கு முன் இவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போதும். ஆனால் டெமோ பார்க்க உட்கார்ந்தவர்கள் முதலாளி, ஆடிட்டர், விற்க வந்தவர் மூவரும்தான்.

எதிர்க்கிறவர்களை எல்லாம் ஒரே பையில் போடுவதும் தவறு. சிலருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். அதை ‘மைண்ட்செட் மாற வேண்டும்’ என்ற உரையால் தீர்க்க முடியாது. நம் வங்கிகளில் கணினி வந்தபோது ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வங்கிகளில் இயந்திரமயமாக்கல் பற்றி 1984-இல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது, ஆனால் அறிக்கையால் மட்டும் கவுண்டருக்குள் இயந்திரம் வந்துவிடவில்லை. எங்கே, எவ்வளவு, யாருக்கு என்ன அலவன்ஸ் என்று 1983-இலும் 1993-இலும் நிர்வாகமும் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. ரொம்ப மெதுவாகத்தான் நடந்தது, எரிச்சல் பட்டவர்கள் உண்டு. ஆனாலும் பயத்தைப் பயமாகவே எடுத்துப் பேசினார்கள்.

அடுத்தது, நடுவில் இருக்கும் சூப்பர்வைசர்களை மறப்பது. ஏசி ஹாலில் ஒரு நாள் பயிற்சி, மதியம் பிரியாணி, சாயங்காலம் குரூப் போட்டோ. மறுநாள் காலையில் தொழிலாளி கேட்கும் முதல் சந்தேகம் சூப்பர்வைசரிடம்தான் வரும். அவருக்கே பதில் தெரியவில்லை என்றால் ‘எனக்கு என்னப்பா தெரியும், மேலே சொல்றாங்க’ என்பார். அதோடு முடிந்தது. போதாக்குறைக்கு டார்கெட்டும் பழையபடியே இருக்கும். புது முறையைக் கற்றுக்கொள்ளும் வாரத்திலும் அதே பீஸ் எண்ணிக்கை, அதே இன்சென்டிவ் என்றால் எந்த லைனும் பழைய வழிக்குத்தான் ஓடும். முதல் சில வாரங்களுக்கு உற்பத்தி குறையும் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்வது நல்லது. அந்த நஷ்டமும் மாற்றத்தின் செலவில் சேர்ந்ததுதான்.

எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றும் ஆசைக்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி பெரிய விலை கொடுத்தது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மொத்தமாகத் தூக்கி வைத்தார்கள். திங்கட்கிழமை பலரால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. எல்லாம் ஒழுங்குக்கு வர அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது, இடையில் தலைமை அதிகாரி பதவி விலகினார், 2022-இல் 4.86 கோடி பவுண்டு அபராதமும் வந்தது.

ஒரு கிளையில், ஒரு லைனில் தொடங்குங்கள். அதற்கு இருப்பதிலேயே நல்ல கிளையாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே எதைக் கொடுத்தாலும் ஓடும். நெட் அடிக்கடி போகிற, ஆள் பற்றாக்குறை உள்ள கிளையில் ஓடினால்தான் மற்ற இடங்களிலும் ஓடும் என்று நம்பலாம். பழையதும் புதியதும் சேர்ந்து ஓட இரண்டு மாதம் கொடுக்கலாம், ஆனால் கடைசித் தேதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகும் முதலாளியே ‘அந்தப் பழைய ரிப்போர்ட்டை வாட்ஸ்ஆப்பில் போடுப்பா’ என்று கேட்டுக்கொண்டிருந்தால், கீழே ஒருவரும் புதிய திரையைத் திறக்க மாட்டார்கள்.