நிறையாத குழியும் ஊற்றுத் தண்ணீரும்

“எங்க வீட்டு செப்டிக் டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு. ஒருநாள்கூட லாரி கூப்பிட்டதில்ல.” ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். இருபது வருஷக் கழிவு எங்கே போனது?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மணலைச் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். பெண்கள் ஊற்றுக்குள் குனிந்து, மணல் கலங்காமல் சிரட்டையால் மொண்டு, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார்கள். குடம் நிறைய நெடுநேரம் ஆகும். அது மண்ணுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர். கடலின் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நம் கழிப்பறைக் குழியும் அதே மணலில்தான் இருக்கிறது.

அதனால் பெரிய தவறு, அடி பூசாமல் உறையை இறக்கி அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைப்பது. “அடியைப் பூசினா சீக்கிரம் நெறஞ்சிரும்ணே” என்பார் கொத்தனார். நிறையத்தான் வேண்டும். கசடு அடியில் தங்கும், கொழுப்பு மேலே மிதக்கும், இடையில் உள்ள நீர் அடுத்த அறைக்குப் போகும், அதுதான் டேங்க். அடியும் சுவரும் ஒழுகாமல் இருக்க வேண்டும், 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும்.

டேங்கிலிருந்து வழியும் நீர் தெளிந்திருந்தாலும் கிருமி நிறைந்தது. அதை ஓர் உறிஞ்சுகுழிக்குள் விடுகிறோம். மிச்ச வேலையை அங்கே மண்தான் செய்கிறது, அதுவும் காற்றோட்டமுள்ள உலர்ந்த மண். நீரில் மூழ்கிக் கிடக்கும் மணல் கிருமியைப் பிடித்து வைக்காது, கிணற்றுப் பக்கம் நகர்த்திவிடும். சித்திரை வெயிலில் தோண்டிப் பார்த்து ஆழத்தை முடிவு செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் எங்கே ஏறி நிற்கிறது என்று பாருங்கள். அதற்கும் குழியின் அடிக்கும் நடுவில் 2 மீட்டர் உலர்ந்த மண் வேண்டும். கிடைக்காவிட்டால் கழிப்பறையை மேடாக்கி, குழியைத் தரைக்கு மேல் உயர்த்தி, அடியை கான்கிரீட்டால் மூடி, உறையைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு நைசான மணல் கொட்ட வேண்டும். கிணறு, ஊற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி அமையட்டும்.

“காய்ச்சித்தானே குடிக்கிறோம்” என்பது போதாது. காய்ச்சினால் கிருமி சாகும். கழிவிலிருந்து வரும் நைட்ரேட் அப்படியே இருக்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஏற்ற நீரல்ல. பால்புட்டியில் கலக்கும் வீட்டில் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

டேங்குக்குப் பதிலாக, மாறி மாறிப் பயன்படுத்த இரட்டைக் குழி கட்டிய வீடுகளில் இன்னொன்றைப் பார்க்கிறேன். கழிவைக் குழிகளுக்குப் பிரித்துவிடும் நடுத்தொட்டியின் மூடியைத் தூக்கினால் இரண்டு குழாய் வாயும் திறந்திருக்கும். ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்தே தீர வேண்டும். முதல் குழி நிறைந்ததும் அதை அடைத்து 2 ஆண்டு ஆறப்போட்டால்தான் உள்ளே இருப்பது எருவாகும். இரண்டும் சேர்ந்து நிறைந்தால் பச்சைக் கழிவைத்தான் அள்ள வேண்டியிருக்கும்.

ஆசிட், பினாயிலைக் கொட்டிக் கழுவினால் கசடைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மீன் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் டேங்கில் விடாதீர்கள். செதிளை வலையில் வடிகட்டிவிட்டு வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுங்கள். இந்த மணலில் அது வீணாகாது.

அடைப்பு எடுக்க யாரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். உள்ளே தேங்கிய விஷவாயு நிமிடங்களில் உயிரை எடுக்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் அப்படி இறக்குவது குற்றம். உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள். அது கிளம்பும் முன், கசடை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்று நின்று கேளுங்கள். கருவேலங்காட்டில் கொட்டிவிட்டுப் போனால், அடுத்த மழையில் அது ஊருணிக்குத்தான் வந்து சேரும்.