நிதிக்காக ஒரு தேநீர்ச் சுவைப்பு: மலிவாகத் தேயிலை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாடுகளில் பாடசாலைக்கோ பொதுக்காரியத்துக்கோ பணம் சேர்க்க வேண்டுமென்றால், நாலைந்து வகை வைனை வாங்கி வைத்து, டிக்கெட் போட்டு, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிச் சுவைக்கக் கொடுப்பார்கள். இலங்கையின் மலையகத்தில் ஒரு பழைய மாணவர் சங்கம் அதை அப்படியே செய்ய முடியாது. இறக்குமதி வரியில் வைன் விலை கைக்கு எட்டாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பது குற்றம், போயா என்னும் பௌர்ணமி நாளில் கடையில் விற்கவும் முடியாது. சட்டத்தை விடுங்கள். சம்பள நாளன்று வீட்டுக்குக் காசு வந்து சேருமா என்று கவலைப்படுகிற அம்மாக்களிடம் போய், பிள்ளைகளின் நூலகத்துக்காக மது ஊற்றுகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. வைன் இருந்த இடத்தில் தேயிலையை வைத்தால் நம் ஊருக்கு அச்சாகப் பொருந்தும். தேயிலையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம், இதில் என்ன தவறு வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வருகிறது, அதுவும் பெரும்பாலும் கடையில் நிற்கும்போதே.

தேயிலைக்குத்தான் பெரிய செலவு வரும் என்ற நினைப்பிலிருந்து தொடங்குவோம். 60 பேர் வருகிறார்கள், ஐந்து வகை கொடுக்கிறீர்கள், ஒருவருக்கு ஒரு வகையில் 50 மில்லிலீற்றர் என்று வையுங்கள். ஒரு வகைக்கு 3 லீற்றர். 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் வீதம் போட்டால் 60 கிராம் தேயிலை. அதாவது வகைக்கு ஒரு 100 கிராம் பொதி வாங்கினால், மிச்சம் 40 கிராமைத் தட்டில் கொட்டிக் காட்சிக்கும் வைக்கலாம். மொத்தம் அரைக் கிலோ, அவ்வளவுதான். மண்டப வாடகை, காஸ், கோப்பை, கடிக்க ஏதாவது என்று காசு போவது வேறு பக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரே மலிவுத் தூளை ஐந்து கிலோ இறக்கிவிட்டு, பிறகு வேறு வகை வாங்கக் கையில் காசில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். மரப்பெட்டியில் நீங்கள் கொடுக்கும் விலையில் பாதி பெட்டிக்குத்தான்.

அடுத்தது, பொதியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைத் தரவரிசையாக வாசிப்பது. ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் எல்லாம் முதன்மையாக இலையின் அளவைச் சொல்பவை. அரைத்து, காயவைத்து முடிந்த தேயிலையைச் சல்லடைகளில் விடும்போது எந்தக் கண்ணில் எது நின்றது, எது விழுந்தது என்பதுதான் அந்த எழுத்து. ஓ.பி. முறுக்கிய நீள இலை, பி.ஓ.பி. அதன் உடைந்த வடிவம், பி.ஓ.பி.எஃப். அதைவிடச் சிறியது, டஸ்ட் பொடி. ஒரே நாளில் ஒரே கொழுந்திலிருந்து இவை எல்லாமே கிடைக்கும். நல்ல தோட்டத்து டஸ்ட், கவனமில்லாமல் செய்த ஓ.பி.யைவிட எத்தனையோ மடங்கு நன்றாக இருக்கும். டஸ்ட் என்றாலே கூட்டிப் பெருக்கிய குப்பை என்று நம்மில் பலர் நினைப்பதால், மேசையில் நல்லதொரு டஸ்டை வைப்பதே ஒரு சுவாரசியம்.

ஆனால் அளவு வேறானால் சாயம் இறங்கும் வேகமும் வேறு. பொடி சீக்கிரம் இறங்கும், நீள இலை மெதுவாக இறங்கும். ஓ.பி.யையும் டஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓ.பி. வெறும் சுடுதண்ணி மாதிரித் தெரியும், சனம் பிரதேசத்தைச் சுவைக்காமல் இலையின் அளவைத்தான் சுவைக்கும். ஆகவே பிரதேசங்களை ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்குங்கள். பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எஃப். போதும், விலையும் தாங்கும்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இன்னொன்று: ஐந்து பொதி, ஐந்து பெயர், ஐந்து நிறம், ஆனால் குடித்தால் ஐந்தும் ஒன்று. ஹட்டன் கடைத்தெருவில் கிடைத்ததை எல்லாம் வாங்கினால் அப்படித்தான் ஆகும், பெரும்பாலானவை கலவைத் தூள். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவருக்கு, இரண்டாவது கோப்பையை வாயில் வைத்ததும் முதலாவது மாதிரி இல்லையே என்று பட வேண்டும். அதற்கு உயரத்தையும் திசையையும் பார்த்து வாங்க வேண்டும். பொதியில் ஒற்றைத் தோட்டத்தின் பெயரோ பிரதேசத்தின் பெயரோ இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்து தொடங்கலாம். 1,868 மீற்றர் உயரம், குளிரில் மெதுவாக வளரும் கொழுந்து. சாயம் வெளிறிய மஞ்சள், வாசம் பூவாசம். நம் ஆட்கள் இதைப் பார்த்ததும், “என்ன இது, சாயமே இல்லையே, தூளை மிச்சம் பிடிச்சிட்டாங்களா?” என்றுதான் கேட்பார்கள். ஊற்றுவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்து திம்புள்ள: தலவாக்கலை, பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கம். நிறம் கூடும், நாக்கில் ஒரு சுறுசுறுப்பு இருக்கும். பிறகு ஊவா. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலையில், அதுவும் பருவத்துத் தேயிலையில், மூக்கில் ஏறும் ஒரு குளிர்ந்த வாசம் உண்டு, ஏறக்குறைய தைல வாசம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிழக்குச் சரிவில் வறண்ட காற்றாக இறங்கும்போது கொழுந்து வாடித் தவிப்பதால் உண்டாவது அது. நான்காவதாகக் கண்டிப் பக்கத்து நடுத்தர உயரத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் வர்த்தகத்துக்காக முதன்முதலில் தேயிலை வைத்த பக்கம் இது என்று சொன்னால் பாடசாலைப் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். சாயம் நல்ல செம்பு நிறம், வாயில் கனமாகப் படும் தேநீர். கடைசியில் கீழ்நாட்டுத் தேயிலை ஒன்று: காலி, மாத்தறை, இரத்தினபுரி எதுவானாலும் சரி. 600 மீற்றருக்குக் கீழே விளைவது, கறுத்த இலை, கடும் சாயம். மத்திய கிழக்கில் விரும்பிக் குடிப்பது இதைத்தான். மலையில் இருக்கும் நம்மில் பலர் இதைத் தனியாகக் குடித்தே பார்த்திருக்க மாட்டோம்.

ஊற்றும் வரிசையும் இதுவேதான், மென்மையிலிருந்து கடுமைக்கு. தலைகீழாகப் போனால் நுவரெலியா தண்ணீராகிவிடும்.

பருவத்தையும் பாருங்கள். ஊவாவின் நல்ல பருவம் முடிந்து ஒக்டோபர், நவம்பரில் நிகழ்ச்சி வைத்தால் அந்தத் தைல வாசத்தைக் காட்டலாம். ஏப்ரலில் வைத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை செய்த திம்புள்ளத் தேயிலை பிரமாதமாக இருக்கும், ஊவா சாதாரணமாக இருக்கும். தொழிற்சாலையோடு ஒட்டிய விற்பனை நிலையத்தில் வாங்கினால், எந்த மாதம் செய்தது என்று தயங்காமல் கேளுங்கள். ஆண்டு முழுக்கத் தேயிலை கிடைப்பதால் எல்லா மாதமும் ஒன்று என்று கடைக்காரர்கூடச் சொல்வார், தொழிற்சாலையில் வேலை செய்தவர் சொல்ல மாட்டார்.

மலிவு என்பதற்காகத் தெரிந்தவர் மூலம் வரும் பெயரில்லாத மூட்டைத் தூளை எடுக்காதீர்கள். கழிவுத் தேயிலையைக் கலந்து விற்பது பழைய வியாபாரம், கழிவுத் தேயிலையைக் கையாளவே அனுமதிப்பத்திரம் வேண்டும். பொதுநிகழ்ச்சியில் அறுபது பேருக்கு ஊற்றும் பொருள் எங்கிருந்து வந்தது என்று சங்கத்தால் சொல்ல முடிய வேண்டும். இலங்கைத் தேயிலைச் சபையின் வாள் ஏந்திய சிங்கச் சின்னம் இருந்தால், முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அர்த்தம். எந்தப் பிரதேசம் என்பதை அந்தச் சின்னம் சொல்லாது.

ஸ்ட்ரோபெரி, ஏலக்காய், எலுமிச்சை வாசம் போட்டவற்றை அதே மேசையில் வைக்க வேண்டாம். வாங்கி வந்த வண்டியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசம் எதையும் இழுத்துக்கொள்ளும், சவர்க்காரம், கற்பூரம், கருவாட்டோடு ஒரே பையில் வந்த பொதி திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல தேயிலையை வாங்கி வந்து கேத்தலில் கெடுப்பதுதான் மிச்சம். கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு கரண்டி டஸ்டின் எடை ஒரு கரண்டி ஓ.பி.யைவிட நன்றாகக் கூட. கடையிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் தராசை இரவல் வாங்குங்கள். சுவைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் சொல்வதும் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்றுதான். வீட்டில் குடிப்பதைவிடக் கடுமையாக இருக்கும். வித்தியாசம் தெரிவதற்காகவே அப்படி. நம் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸ். அதையும் முன்கூட்டியே சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்து ஆறவிட்டால் இலையிலிருந்து பாதிதான் இறங்கும். கொதித்த கையோடு, சூடாக்கிய பாத்திரத்தில் ஊற்றி மூடுங்கள். ஆறு நிமிடம் ஆனதும் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இலையோடு விட்டால் பின்வரிசைக்காரர் கசாயம் குடிப்பார். மசாலாத் தேநீர் காய்ச்சிய சட்டி எவ்வளவு தேய்த்திருந்தாலும் வேண்டாம்.

வடித்த இலையை எறிய வேண்டாம், ஒவ்வொரு வகையையும் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி அந்தந்தப் பாத்திரத்துக்கு முன்னால் வையுங்கள். ஆவி பறக்கும்போதே குனிந்து மணந்து பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் நாக்கில் பிடிபடாதவருக்கும் அங்கே பிடிபடும். ஆறிய கோப்பை சில நேரம் பால் கலந்ததுபோல் மங்கும். பழுதாகிவிட்டது என்று யாராவது கொட்டப் பார்ப்பார்கள். உண்மையில் சாயம் நிறைந்த நல்ல தேநீருக்குத்தான் அப்படி ஆகும்.

பாலும் சீனியும் கூடவே கூடாது என்று கறாராக நின்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். முதல் சுற்றை வெறும் தேத்தண்ணியாகக் கொடுங்கள். முடிந்த பிறகு கீழ்நாட்டுத் தேயிலையில் ஒரு பால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். இடையில் கடிக்க வெறும் கிறீம் கிறேக்கர் போதும். வடையும் காரமும் கடைசிக்கு.

விளக்கம் சொல்ல ஒரு பேராசிரியரைத் தேடி அலைய வேண்டாம். தொழிற்சாலையில் தேயிலை செய்வதைக் கவனித்து ஓய்வுபெற்ற டீ மேக்கர் ஒருவரையும், கொழுந்து பறித்த அனுபவமுள்ள அம்மா ஒருவரையும் உட்கார வையுங்கள். எந்த மாதத்தில் கொழுந்து எப்படி இருக்கும் என்று அந்த அம்மா சொல்வதற்கே டிக்கெட் காசு சரி. அவர்களிடமிருந்தும் டிக்கெட் காசு கேட்கிற அநியாயம் மட்டும் வேண்டாம்.

டிக்கெட்டில் வருவதைவிட, சுவைத்து முடித்த சூட்டில் பொதி விற்பதில் கூடுதலாக வரலாம். பிடித்தது எது என்று அப்போதுதானே தெரிந்திருக்கும். தொழிற்சாலை விற்பனை நிலையத்திலோ மொத்தக் கடையிலோ விலையில் தள்ளுபடி கேட்டு, முத்திரை உடைக்காத பொதிகளாகவே விற்றுவிடுங்கள். கிலோவாக வாங்கிச் சங்கத்தின் பெயரில் பைகளில் கட்டத் தொடங்கினால் லேபல், திகதி, எடை என்று வேறு தலைவலி. விற்காததைத் திருப்பி எடுப்பதாகக் கடைக்காரர் எழுத்தில் தந்தால் அதிகமாக இறக்கலாம். தராவிட்டால் அன்றைக்கு ஓடரை மட்டும் கொப்பியில் எழுதி, பாதிக் காசை வாங்கிக்கொண்டு, அடுத்த கிழமை பாடசாலை வாசலில் வைத்துக் கொடுங்கள்.