மறுவாழ்வு உளவியல் விருதுக்குப் பரிந்துரைக்கிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

திருகோணமலையில் ஒருவருக்கு விருது கிடைத்தால் மறுநாளே சந்தியில் பதாகை ஏறிவிடும். ஆனால் அந்த விருதுக்கு அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், முடிவுத் திகதிக்கு முதல்நாள் இரவு, கரன்ட் போவதற்குள் அடித்து முடித்தது போல இருக்கும். உளவளத்துணை உத்தியோகத்தர்கள், இயன்மருத்துவர்கள், உளசமூகப் பணியாளர்கள் என்று பலருக்காக எழுதப்பட்ட கடிதங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நல்ல வேலை செய்தவர்கள் மோசமான கடிதத்தால் தோற்றதைப் பார்த்தும் இருக்கிறேன். சில கடிதங்கள் நானே எழுதியவை.

முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது. இங்கே ‘மறுவாழ்வு’, ‘புனர்வாழ்வு’ என்றால் 2009-இல் போர் முடிந்த பின் வந்த முகாம்கள் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் போதைப்பொருள் பாவித்தவர்களை அனுப்பும் நிலையம். மறுவாழ்வு உளவியல் என்ற இந்தத் துறை பேசுவது வேறு: முள்ளந்தண்டுக் காயம், பக்கவாதம், மூளைக் காயம், அவயவ இழப்பு, நாட்பட்ட வலி ஆகியவற்றோடு வாழ்கிறவர்களின் மனமும் அவர்களைச் சுற்றியுள்ள உலகமும். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுத் திரும்பியவர்களோடு செய்த வேலையில் வேகம் பிடித்த துறை இது. அமெரிக்க உளவியல் சங்கம் 1958-இல் இதைத் தன் 22-ஆம் பிரிவாக ஏற்றுக்கொண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் முகாம் முகாமாகப் போய்த் துயர ஆற்றுகை செய்தவரின் பணி பெரும்பணிதான். ஆனாலும் அதை அப்படியே இந்த விருதுக்கு அனுப்பினால் தேர்வுக் குழு தலையைச் சொறியும். அதே ஆள் காலை இழந்த ஒருவரோடு இரண்டு வருடம் கூடவே இருந்திருந்தால், கடிதம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

விருதின் வகையைப் பார்க்காமல் அனுப்புவது அடுத்தது. அந்த 22-ஆம் பிரிவிலேயே ரோஜர் பார்க்கர் பெயரிலான விருது ஆய்வுப் பங்களிப்புக்கு உரியது. மிட்செல் ரோசென்தல் பெயரில் உள்ளது தொழிலின் தொடக்கத்தில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு. வாழ்நாள் முழுதும் வாட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் வேலை செய்தவரை ஆய்வு விருதுக்கு முன்மொழிவது, நல்ல தோணிக்காரனை மாட்டுவண்டிச் சவாரிக்கு அனுப்புவது போல. சில விருதுகளுக்கு அங்கத்துவம் தேவைப்படும், சிலவற்றுக்குச் சொந்தப் பெயரை முன்மொழிய முடியாது. நிபந்தனைப் பக்கத்தை வாசிக்க அரை மணித்தியாலம் போதும்.

இனி, கடிதங்களில் நான் அதிகம் கண்ட கோளாறு. அது கண்ணீர்.

ஒரு சுழியோடி என்று வைத்துக்கொள்வோம். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். கடிதத்தின் முதல் பக்கம் முழுக்க அவருடைய அவலம் இருக்கும். ‘இருண்டுபோன வாழ்வில் ஒளியேற்றிய தெய்வம்’ என்று இரண்டாம் பக்கத்தில் உளவியலாளர் வருவார். தெய்வம் செய்தது என்ன, எத்தனை தடவை சந்தித்தது, எந்த அணுகுமுறை, எது பலிக்கவில்லை? ஒரு வரி இராது.

இந்தத் துறையின் முன்னோடிகள் எதை எதிர்த்து எழுதினார்களோ அதையே இந்தக் கடிதம் செய்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். டமாரா டெம்போவும் பியாட்ரிஸ் ரைட்டும் ‘பரவல்’ என்றொரு கருத்தை வளர்த்தார்கள். ஒரு குறைபாட்டைக் கண்டதும் பார்ப்பவர் மனதில் அது அந்த ஆள் முழுவதிலும் பரவிவிடுகிறது. காலில்தான் பாதிப்பு என்றாலும், புத்தி, விருப்பம், சம்மதம் எல்லாம் குறைந்துவிட்டதாக எண்ணுகிறோம். சக்கர நாற்காலியில் வந்தவர் முன்னால் இருக்க, ‘இவருக்குச் சீனி போடலாமோ?’ என்று மனைவியிடம் கேட்டுத் தேத்தண்ணி ஊற்றுகிற வீடுகள் நம் ஊரில் குறைவா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வாழ்க்கை முழுக்கத் துன்பமாகத் தெரியும், உள்ளே வாழ்கிறவருக்கு அதில் வேலையும் பகிடியும் கடனும் கோபமும் இருக்கும் என்பதையும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அந்த மரபில் வந்த ஒரு குழுவிடம் அவலக் கதையைக் கொடுத்தால், முன்மொழியப்பட்டவருக்கு அடிப்படையே தெரியாது என்று அவர்கள் நினைக்க இடமுண்டு. அவர் எழுதாத கடிதத்துக்கு அவர் பழி சுமப்பார்.

சரி, கண்ணீரை எடுத்துவிட்டு எண்ணைப் போடுவோம் என்றால் அங்கும் வழுக்கும். ‘800 பேருக்கு உளவளத்துணை வழங்கினார்’ என்பது வருகைப் பதிவேடு. அந்த 800 பேரிடம் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் இயலாமை மதிப்பீட்டு வினாக்கொத்தில் 36 கேள்விகள், சுருக்க வடிவில் 12. நடமாட்டம், சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், சமூகத்தில் பங்கேற்றல் எல்லாம் அதில் வரும். தொடக்கத்திலும் ஆறு மாதத்திலும் அதைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தால் பத்துப் பேரின் பதிவே பேசும்.

அதிலும் ஒரு பொறி. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பாவிக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் நித்திரை, களைப்பு, பசி, உடல் அசைவின் வேகம் ஆகியவையும் கேட்கப்படுகின்றன. பக்கவாதம் வந்தவருக்கு இவை நோயினாலேயே குழம்பியிருக்கும். நோய் தணிய நித்திரை சீராகும், புள்ளி இறங்கும். ‘என் ஆற்றுப்படுத்தலால் மனச்சோர்வு பாதியானது’ என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். போதாததற்குப் பக்கவாதத்தில் இயல்பான மீட்சியின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் தானாகவே நடப்பது. எந்தக் கேள்விகளில் புள்ளி மாறியது, காயம் நேர்ந்து எத்தனை மாதத்தில் அளந்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். இயன்மருத்துவருக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கும் உரிய பங்கையும் பெயர் சொல்லிக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே செய்தார் என்று சொல்லும் கடிதத்தைக் குழுக்கள் நம்புவதில்லை.

அடுத்தது அந்தரங்கம், இதில் நானும் குற்றவாளி. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. ‘நிலாவெளிப் பக்கத்தில் ஒரு சுழியோடி, இரண்டு பெண்பிள்ளைகள், சுனாமியில் தாயை இழந்தவர்’ என்றால் நம் ஊரில் பெயர் தேவையா? கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், சிகிச்சை தருபவரே ‘ஒரு நன்றிக் கடிதம் தருவீங்களோ?’ என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வேறொருவர் கேட்கட்டும், மறுத்தாலும் கிளினிக்கில் எதுவும் மாறாது என்பதையும் சொல்லிக் கேட்கட்டும். ஒரு விழாவில் பயனாளி என்று ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். மேடைக்குச் சாய்தளம் இல்லை. நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள், கமராக்கள் மின்னின, பொன்னாடை உளவியலாளருக்குப் போனது. அழைப்பிதழ் வாசகம் எழுதியவன் நான்.

காசு கேட்கும் விருதுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘தாங்கள் உலகச் சிறப்பு விருதுக்குத் தெரிவாகியுள்ளீர்கள், பதிவுக் கட்டணம் செலுத்தவும்’ என்று மின்னஞ்சல் வந்தால், நீங்கள் விண்ணப்பித்தீர்களா என்று யோசியுங்கள். தெரிவுக் குழு யார், அளவுகோல் என்ன, முன்பு பெற்றவர்கள் எவர் என்பது வெளியில் இருக்க வேண்டும். கேடயத்துக்கும் இராவிருந்துக்கும் நீங்களே கட்டணம் கட்டினால் நீங்கள் வாடிக்கையாளர்.

ஒரே ஆள் எழுதி மூன்று பேர் ஒப்பமிட்ட ஆதரவுக் கடிதங்களும் பிடிபடும். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும்.

அனுப்புவதற்கு முன் செய்யும் ஒன்றை மட்டும் இப்போது நான் விடுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை, அதில் வருகிறவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஒருவர் (தொழிலை மாற்றித்தான் சொல்கிறேன்) முழுவதும் கேட்டுவிட்டுப் பீடியைக் கீழே வைத்தார்.

“எல்லாம் சரி தம்பி. நான் இப்ப வள்ளத்து எஞ்சின் திருத்துறன், மூண்டு பேருக்குப் பழக்கிறன் எண்டத எழுதேல்லையே?”

எழுதியிருக்கவில்லை. அன்றிரவு முதல் பக்கத்தை அழித்துவிட்டு அங்கிருந்து தொடங்கினேன்.