ஸ்பீடு கன்னைப் பார்த்ததும் பிரேக் அடிக்காதீர்கள்

சென்னை–திருச்சி சாலையில் அடிக்கடி போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மேம்பாலம் இறங்குகிற இடத்தில் போலீஸ் வண்டி நிற்கும். அதைப் பார்த்ததும், நூற்றுப்பத்தில் பறந்துகொண்டிருந்த கார் சட்டென்று எழுபதுக்கு இறங்கும். போன மாதம் திண்டிவனம் தாண்டி என் கண் முன்னால் ஒருவர் அப்படித்தான் பிரேக் அடித்தார். பின்னால் வந்த வேன்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஓரமாகப் போன பைக்கை உரசாத குறை. பைக்கில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.

அந்த பிரேக்கால் கார்க்காரருக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அவருடைய வேகம் அதற்கு முன்பே பதிவாகியிருக்கும். வேகம் அளக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால்தான் இத்தனை ஆபத்தும்.

ஒருமுறை டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது, பக்கத்தில் லேசர் கருவியோடு நின்ற காவலரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நீங்களே பாருங்க சார்" என்று கொடுத்தார். கண்ணை வைத்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக் காரின் நம்பர் பிளேட் மேல் அதை வைத்து அழுத்தினேன். வேகம் 94, தூரம் 312 மீட்டர் என்று வந்துவிட்டது. அந்தத் தூரத்தில் இருந்து காரோட்டிக்கு நாங்கள் நிற்பதே தெரிந்திருக்காது.

இந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை நூற்றுக்கணக்கில் அனுப்பும். ஒவ்வொன்றும் வண்டியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். அந்தத் தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் உங்கள் வேகம். எல்லாம் முடிய அரை நொடிகூட ஆகாது. நமக்கோ, கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். நூறில் போகும் வண்டி அந்த ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடும்.

ரேடார் வேறு வகை. அது ரேடியோ அலையை அனுப்பும். நெருங்கி வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கூடும், விலகிப் போகும் வண்டி என்றால் குறையும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சத்தம் மாறுவது போலத்தான். டாப்ளர் என்ற விஞ்ஞானி 1842-ல் சொன்ன தத்துவம் இது.

"பக்கத்தில் போன பஸ்ஸோட வேகத்தை என் கணக்கில் எழுதிட்டாங்க" என்று பலர் சொல்வதுண்டு. லேசரில் இதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 300 மீட்டர் தள்ளியும் ஒளிக்கற்றையின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ரேடார் அலை நன்றாக விரியும். அதனால் ரேடாரில் வந்த சலான் (அபராத நோட்டீஸ்) என்றால், படத்தில் உங்கள் வண்டியோடு வேறு வண்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சாலையோரம் நின்று சாய்வாக அளந்தால் வேகம் கூடுதலாகக் காட்டும் என்று வாதாடுபவர்களும் உண்டு. நிலையாக நிற்கும் கருவியில் இது நேர் எதிர். 20 டிகிரி சாய்வில் அளந்தால், 100-ல் போகும் வண்டிக்கு 94 என்றுதான் காட்டும். லாபம் உங்களுக்கே.

கேமரா கம்பத்துக்கு முன்னால் மட்டும் அடங்கிப் போய், தாண்டியதும் மிதிப்பது இன்னொரு தவறு. இரண்டு இடத்தில் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, இடைப்பட்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணக்கிடும் முறையும் இருக்கிறது. இத்தாலியின் அதிவேகச் சாலைகளில் 2005 முதலே இது உண்டு. பத்து கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடந்தால் உங்கள் வேகம் 120. கேமரா முன்னால் எவ்வளவு மெதுவாகப் போனீர்கள் என்பது எடுபடாது.

அப்புறம் டயர். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா. வாகன விதி. அதனால் பல கார்களில் முள் 100 காட்டும்போது உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போவோம். அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டினால் அந்த இடைவெளி போய்விடும், சில நேரம் தலைகீழாகவும் ஆகும். "நான் லிமிட்டில்தான் வந்தேன்" என்று மனதார நம்புகிறவர்கள் டயர் அளவை ஒருமுறை சரிபாருங்கள்.

சரி, சலான் வந்துவிட்டது. கோபத்தில் கட்டவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். காருக்கு அதிவேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு ஒரு முக்கியமான பாதுகாப்பையும் தருகிறது. "வேகமாக வந்த மாதிரி இருந்தது" என்று ஒரே ஒருவர் தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்துக்குக் கருவியின் கணக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். கேமரா போன்ற மின்னணுக் கருவிகளுக்கு 2021-ல் வந்த 167ஏ விதிப்படி, கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும், நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். போலீஸ்காரரோடு நடுரோட்டில் சண்டை போடுவதைவிட, இவற்றில் ஏதாவது விடுபட்டிருந்தால் எழுத்தில் கேட்பதே மேல்.

படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா என்பதையும் பாருங்கள். நிறம், மாடல், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். உங்கள் நம்பரை வேறொருவர் மாட்டிக்கொண்டு ஓட்டினால், சலான் உங்களுக்குத்தான் வரும். அப்படியென்றால் உடனே காவல்துறையில் புகார் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். அது வங்கிக் கணக்கைத் துடைக்க வந்த ஃபைல். அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சலான் இருந்தால் அங்கேயே கட்டலாம்.