உங்கள் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விட்டால்

எனக்கு வரவேண்டிய வங்கிக் கடிதம் அதே கதவு எண் உள்ள வேறொரு வீட்டுக்குப் போய், பிரித்து ஒட்டிய நிலையில் கைக்கு வந்தது. யார் மேல் கேஸ் போடலாம் என்றுதான் உடனே தோன்றும். அதை இரண்டு நாள் தள்ளிப் போடலாம், தப்பில்லை.

முதல் வேலை, உறையைப் பத்திரப்படுத்துவது. எனக்கு வந்த உறையில் மடிப்பு ஒரு நூல் அளவு விலகி ஒட்டியிருந்தது. அதன் கீழே பழைய பசையின் பளபளப்பு அப்படியே தெரிந்தது. முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். யார் கொண்டுவந்து தந்தார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அப்புறம் உள்ளே என்ன இருந்தது என்று பாருங்கள். பெயரும் முகவரியும் மட்டும் என்றால் விட்டுவிடலாம். முழுக் கணக்கு எண்ணோடு பிறந்த தேதி, வரி எண் இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். அட்டையோ பின் நம்பரோ இருந்தால் உடனே வங்கிக்கு போன் செய்து முடக்கச் சொல்லுங்கள். புகார் எண் வாங்கி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். மாற்று அட்டை புது எண்ணில்தான் வர வேண்டும்.

உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கினால் அது கடன் அறிக்கையில்தான் தெரியும். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுக்கிறேன், வருடம் முழுக்க ஒரு கண் இருக்கும். அதில் கடன் பட்டியலை விட 'விசாரணைகள்' பகுதியை முதலில் பாருங்கள். நீங்கள் கேட்காத கடனுக்கு ஏதோ ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஆதார் பயோமெட்ரிக்கையும் பூட்டி வைக்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகக் கடன் விவரத்தை முடக்க வேண்டும். 2018 முதல் இதற்குக் கட்டணம் கிடையாது.

சரி, சட்டம். கடிதத்தைத் தவறான வீட்டில் போட்டதற்காகத் தபால் துறையிடம் நஷ்டஈடு வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இந்தியாவின் 2023 அஞ்சல் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கின்றன. ஆனாலும் எழுத்தில் புகார் கொடுங்கள், பின்னால் ஆதாரமாகும். பிரித்தவர் மேல் நடவடிக்கை என்றால் நோக்கத்தைக் காட்ட வேண்டியிருக்கும். பிரிட்டனில், தவறி வந்தது என்று தெரிந்தோ நியாயமாகச் சந்தேகித்தோ, உரியவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு பிரித்தால்தான் குற்றம். அமெரிக்காவில் அடுத்தவர் கடிதத்தைத் துருவிப் பார்க்கும் எண்ணத்தோடு எடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. கவனிக்காமல் கிழித்துவிட்டேன் என்பவரிடம் இது எதுவும் செல்லாது.

கொஞ்சம் பலன் இருப்பது அனுப்பியவரிடம்தான். முகவரி மாற்றத்தைச் சொன்ன பிறகும் வங்கி பழைய இடத்துக்கே அனுப்பியிருந்தால் வங்கியிடம் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். பணமே போய்விட்டால் எதற்கும் காத்திருக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். அடுத்தவர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு.

உங்கள் வீட்டுக்கு வேறு யாருடைய கடிதமாவது வந்தால், பிரிக்காமல் 'இந்த முகவரியில் இல்லை' என்று மேலே எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.