கண்ணுக்கடியில் பூசும் காஃபீன் ஜெல்லில் ஊசிபோல் துகள் படியாமலிருக்க

கண் வீக்கத்துக்கும் கருவளையத்துக்கும் வீட்டில் சிறிய அளவில் ஜெல் தயாரிப்பவர்கள், 100 கிராம் ஜெல்லுக்குக் காஃபீன் (காப்பியில் உள்ள அதே பொருள், தூளாக) 1 கிராமுக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதையும் முதலில் வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகே கிளிசரினில் குழைத்த சாந்தன் கம்முடன் (ஜெல்லைக் கெட்டியாக்கும் பசைத்தூள்) கலக்குங்கள்.

100 மில்லி தண்ணீர் 25 டிகிரியில் ஏறக்குறைய 2 கிராம் காஃபீனைத்தான் தாங்கும். கொதிநிலையில் அதைப்போல் பல மடங்கு கரைந்துவிடும். சூட்டில் 3 கிராம் கரைந்துவிட்டதே என்று நம்பிப் புட்டியில் அடைத்தால், ஓசூர், தளி பக்கத்து மார்கழி இரவில் மிச்சமெல்லாம் வெள்ளை ஊசிகளாகப் பிரிந்து நிற்கும். கண்ணுக்கடியில் உள்ள தோல் மிக மெல்லியது. அந்த ஊசிகள் அதில் உரசக் கூடாது. போட்ட காஃபீனும் வீண்.

குளிர்ச்சிக்காக ஜெல்லைப் பிரிட்ஜில் வைப்பவர்களுக்கு 1 கிராமும் அதிகம், அரை கிராம் போதும். தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவே (டிஸ்டில்டு வாட்டர்) இருக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, சாந்தன் கம்முக்குப் பதில் கார்போமர் என்ற கெட்டியாக்கி சேர்த்த ஜெல்லை நீர்த்துப்போகச் செய்துவிடும். ஜெல் கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பொருளையும் (பிரிசர்வேட்டிவ்) விட்டுவிடாதீர்கள். கண்ணருகே பூசுவதில் கிருமி வளரவே கூடாது.

காஃபீன் இரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்குவதால் காலை வீக்கம் சில மணி நேரம் தணியலாம். நிறமி படிந்த கருமைக்கும், கண்ணுக்கடியில் உள்ள குழியின் நிழலுக்கும் இது உதவாது. வீக்கம் நாள் முழுதும் வற்றாமலிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.